கிளிநொச்சியில் ஒரு செலிக்கா: வாங்குமுன் அளந்ததும் வாங்கியபின் கழற்றியதும்

கார் பார்க்கப் போவதற்கு முதல் நான் பார்த்தது எங்கள் ஒழுங்கையை. 13 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பலகைத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு, வீட்டுப் படலையில் இருந்து தார் றோட்டில் ஏறுமட்டும் குனிந்து குனிந்து நடந்தேன். எங்கே மண் அந்தப் பலகையை விட உயருகிறதோ அங்கே ஒரு கல்லை வைத்தேன். பக்கத்து வளவு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப் போனார்.

"என்ன தம்பி, காணி அளக்க வந்திட்டாங்களோ?"

கட்டையோடு ஒருவர் குனிந்து நின்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வருகிற பயம் அதுதான். இல்லையம்மா, கார் ஒன்று வாங்கப் போறன், அடி தட்டுமோ என்று பார்க்கிறன் என்றேன். "அதுக்குக் காரை எல்லோ பாக்கவேணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மொத்தம் மூன்று கற்கள். மதகின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பாலைமரத்து வேர் ஓடுகிற இடத்தில் ஒன்று. ஒரு லாண்ட்மாஸ்டர் (கை உழவு மிசின்) பெட்டி கிரவல் பறித்தால் போதும் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு கதவுக் கார் ஒன்றை வன்னியில் வைத்திருக்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இது என்று இப்போதும் சொல்வேன். எஞ்சின் நன்றாக இருந்தும், முன் பம்பரின் கீழ் உதடு ஒவ்வொரு நாளும் மதகில் உரசினால், ஆறு மாதத்தில் காரை வெறுத்துவிடுவீர்கள்.

நான் தண்ணீர்ப் பம்பும் ஜெனரேட்டரும் திருத்துகிறவன். கார் மெக்கானிக் இல்லை. ஆனால் கொம்பிரஷன் கேஜ், ஃபீலர் கேஜ், டோர்க் ரெஞ்ச் எல்லாம் கையில் உண்டு. ஆசை எப்போது பிடித்தது என்றும் தெரியும். 2002-இல் ஏ9 பாதை திறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் ஒரு நாள் வெள்ளி நிறத்தில், முன் விளக்குகள் கத்தி போல் சரிந்த ஒரு கார் நின்றது. பெயர் தெரியாது. அதுவரை நாங்கள் கண்டது உழவு மிசின், லொறி, மண்ணெண்ணெய் மணக்கிற பழைய ஒஸ்ரின். பெயரைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சில வருடம் போனது. டொயோட்டா செலிக்கா, 1999-இல் வந்த ஏழாம் தலைமுறை.

சரி, இருபது வருட ஆசைக்குக் காசு சேர்ந்தது 2025-இல். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது. விலை விழப்போகிறது என்று விற்கிறவர்கள் எல்லாரும் பதற்றத்தில் இருந்தார்கள். காலபோக அறுவடை முடிந்து, பம்பு திருத்திய கடன்களை விவசாயிகள் கொண்டுவந்து தருகிற காலமும் அதுதான். உண்மையில் இந்த மாதிரிப் பழைய விளையாட்டுக் கார்களுக்கு அந்தத் திறப்பால் பெரிய மாற்றம் இல்லை. இறக்குமதிக்கு வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது, இருபது வருடப் பழையது ஒன்று புதிதாகக் கப்பலில் வந்து இறங்காது. தீவுக்குள் இருப்பதுதான் இருப்பு. ஆனால் விற்கிறவருக்கு அந்த நேரத்தில் அதை விளக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லையே.

துணைக்கு எங்கள் ஊர்க் கராஜ் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அறுபதைத் தாண்டியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட வைத்த கைகள் அவருடையவை. ஸ்பார்க் பிளக்கை எத்தனை தரம் சுரண்டித் திரும்பப் போடலாம் என்று கேட்டால் எண்ணிக்கை சொல்வார். நல்ல வாகனமா என்று அவர் எப்போதும் கேட்பதில்லை. "உது என்ன வருத்தத்தில சாகும் எண்டு சொல்லு, பிறகு விலை பேசுவம்" என்பார். முதல் நாள் அதைப் பகிடி என்று நினைத்தேன். மூன்று கார்களைப் பார்த்து முடித்தபோது நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

முதல் கார் வவுனியாவில், ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம். மஸ்டா ஆர்.எக்ஸ் 8. மூன்றிலும் விலை குறைந்தது, மூன்றிலும் அழகானது. பின் கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சி.சி. இந்த வகைச் சுழல் எஞ்சினோடு மஸ்டா 1991-இல் லெ மான் 24 மணி நேர ஓட்டத்தையே வென்றது. ஆர்.எக்ஸ் 8-இல் வருகிற ரெனெசிஸ் எஞ்சினுக்கு 2003-இல் அந்த வருடத்தின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருதும் கிடைத்தது. விருது பெற்ற எஞ்சின் ஏன் இந்த விலைக்கு வருகிறது?

முக்கோணத்தின் மூன்று முனையிலும் மெல்லிய சீல் இருக்கிறது. பிஸ்டன் ரிங் செய்கிற வேலையை அதுதான் செய்கிறது. அது தேய்ந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ அமுக்கம் போய்விடும். எஞ்சின் குளிராக இருக்கும்போது தெரியாது. சூட்டில்தான் தெரியும். ஆகவே சாதாரணக் காருக்குச் செய்வதற்கு நேர்மாறாக, இதை இருபது நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னோம். சுற்றியது, சுற்றியது, ஒன்பது பத்து விநாடி கழித்துத்தான் பிடித்தது. ஐயா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கேஜைப் போட்டேன். சுழல் எஞ்சினுக்குத் தனிக் கருவி இருக்கிறது. எங்களிடம் அது இல்லை. ஆனால் சாதாரண கேஜில் காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கிற சின்ன வால்வைக் கழற்றிவிட்டால், ரோட்டரின் மூன்று முகமும் கடந்து போகும்போது ஊசி மூன்று தரம் துள்ளும். எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்தி, அக்சிலேற்றரை முழுக்க மிதித்துச் சுழற்ற வேண்டும். மஸ்டாவின் அளவு, நிமிடத்துக்கு 250 சுற்றுக்குத் திருத்திய கணக்கில், ஆகக் குறைந்தது சதுர சென்ரிமீற்றருக்கு 6.9 கிலோ. எங்கள் கேஜ் காட்டுகிற இலக்கத்தை நம்ப முடியாது, தாளத்தை நம்பலாம். முன் ரோட்டர் தட், தட், தட் என்று ஒரே அளவில் துள்ளியது. பின் ரோட்டர் தட், தட், த. மூன்றாவது துள்ளல் பாதியிலேயே விழுந்தது. மூன்று தரம் செய்து பார்த்தோம், மூன்று தரமும் அதே இடத்தில் அதே நொண்டி.

அண்ணை கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு உதைத் திறக்கத் தெரியாது தம்பி. வன்னியில தெரிஞ்ச ஆளையும் தெரியாது. லொறியில ஏத்தி கொழும்புக்குத்தான்." அவர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். பின் ரோட்டர் ஒரு பக்கம் சோர்ந்திருக்கு ஐயா என்று உள்ளதைச் சொன்னோம். தனக்கும் சந்தேகம் இருந்தது என்றார். பிளேன்ரீ தந்தார். நல்ல மனுசன். கார் இப்போதும் அங்கேதான் நிற்கிறது என்று கேள்வி.

இரண்டாவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. நீர்கொழும்புப் பக்கம், செலிக்காவின் வலுக் கூடிய எஞ்சின் ரகம், சேசிஸ் இலக்கம் இசட்.இசட்.டி 231 என்று தொடங்கும். 190 குதிரைவலு. 6000 சுற்றைத் தாண்டினால் வால்வுகளைத் திறக்கிற கேம் மாறி வேறு மிருகமாகக் கத்தும். கத்தியது. இரவு பஸ்ஸில் போன களைப்பெல்லாம் பறந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் அமுக்க விகிதம் 11.5. 95 ஒக்டேன் பெற்றோல் இல்லாமல் நியாயமாக ஓட்ட முடியாது. எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் 95-ஐ நம்பிப் பயணம் வைக்க முடியாது. அதைவிடப் பெரிது, பின் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கியபோது கண்ட வெல்டிங் தடம். அதைவிடப் பெரிது, பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இன்னும் உரிமையாளராக நின்றது. விற்கிறவரின் பெயர் புத்தகத்திலேயே இல்லை. பெயர் மாற்றாமலே இரண்டு கை மாறிய திறந்த பேப்பர். "எல்லாம் ஓகே ப்ரோ, ஒரு கிழமையில மாத்தித் தருவன்" என்றார். தேத்தண்ணியும் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

மூன்றாவது செட்டிகுளத்தில் கிடைத்தது. வெளிநாடு போகிற ஒரு ஆசிரியர் குடும்பம். 2000-ஆம் ஆண்டு செலிக்கா, வலுக் குறைந்த எஞ்சின் ரகம், இசட்.இசட்.டி 230. 1794 சி.சி, ஐந்து கியர், மனுவல். வெள்ளி நிறம் இல்லை, கடும் நீலம், போனெற்றில் வெயிலில் வெளுத்த ஒரு திட்டு.

முதல் நாளே போன் எடுத்து, நாங்கள் வருமட்டும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று கேட்டிருந்தோம். காலை ஆறரைக்குப் போய் முதலில் போனெற்றுக்குள் கையை வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர். சொல்லை மதித்திருக்கிறார்கள். அடுத்து சீற் பெல்ற்றுகளைக் கடைசிமட்டும் இழுத்துப் பார்த்தேன். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனையோ வாகனங்கள் தாழ்ந்தன. கழுவி மினுக்கி விற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெல்ற்றின் உள்சுற்றைக் கழுவ யாருக்கும் நினைவு வருவதில்லை. மண்கோடு அங்கே நிற்கும். இதில் இல்லை. சீற்றுக்கு அடியில் தண்டவாளக் கம்பியும் துரு இல்லாமல் இருந்தது. மட்காட் போல்ற்றுகளின் தலையில் பெயின்ற் உடையவில்லை, ஆக யாரும் கழற்றவில்லை. சேசிஸ் இலக்கம் புத்தகத்தோடு ஒத்தது, எஞ்சின் இலக்கமும் ஒத்தது. ரயரின் பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கத்தில் முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். இரண்டு ரயர் 2016-இல் செய்தவை. பூ நிறைய இருந்தாலும் அவை குப்பைதான். விலையில் கழிக்கக் குறித்துக்கொண்டேன்.

நாலு பிளக்கையும் கழற்றி கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம், பார்த்தேன். 188, 190, 185, 190 பி.எஸ்.ஐ. இந்த வயதில் இப்படி வந்தால் எவரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருப்பேன். அண்ணை கேஜைப் பார்க்கவே இல்லை, பிளக்குகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டு நின்றார். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் முனையில் சாம்பல் நிறப் பொருக்கு.

"ஓயில் குடிக்குது."

அமுக்கம் நன்றாக இருக்க எப்படி ஓயில் குடிக்கும் என்று கேட்டேன். கேட்டது தண்ணீர்ப் பம்பு திருத்துகிற நான், வெட்கம்தான். பிஸ்டனில் மூன்று ரிங். மேலே இரண்டும் அமுக்கத்தைப் பிடிப்பவை. கீழே உள்ளது சுவரில் இருக்கிற ஓயிலை வழித்துக் கீழே அனுப்புவது. வழித்த ஓயில் பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகளால் வடிந்து, எஞ்சினுக்கு அடியில் ஓயில் நிற்கிற சம்புக்குப் போக வேண்டும். இந்த ஒன் இசட் இசட் எஞ்சினின் ஆரம்பகால பிஸ்டன்களில் அந்த வடிதுளைகள் போதாது. காலம் செல்ல கரி அடைத்துக்கொள்கிறது, கீழ் ரிங் இறுகிவிடுகிறது, ஓயில் மேலே போய் எரிகிறது. பிந்திய வருடங்களில் டொயோட்டாவே பிஸ்டனை மாற்றியமைத்தது. ஆக மேல் ரிங் இரண்டும் புதுசு போல இருக்க, கீழ் ரிங் செத்துக் கிடக்கலாம். கேஜ் அதைச் சொல்லாது.

சொல்வது பின்னால் போகிறவரின் கண். அண்ணை காரை எடுத்தார், நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். மன்னார் வீதியில் நேரான துண்டு ஒன்றில் மூன்றாம் கியரில் வேகம் எடுத்து, காலை முழுக்க எடுத்து எஞ்சினாலேயே வேகத்தை இறங்கவிட்டு, பிறகு சட்டென்று மிதித்தார். காலைச் சூரியனுக்கு எதிரே நீலமாய் ஒரு புகைப் பந்து. இரண்டாம் தரமும் அதே. திரும்பி வந்து டிக்கியைத் திறந்தால் ஸ்பெயர் வீலுக்குப் பக்கத்தில் அரைப் போத்தல் எஞ்சின் ஓயில், மூடியில் கைரேகையோடு. இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆசிரியரும் மறைக்கவில்லை. ஆயிரத்துக்கு ஒரு தரம் விடுவன் என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அண்ணை சந்தோஷமாக இருந்தார். எனக்கு மனம் உடைந்திருந்தது.

"உதுதான் நல்ல கார்" என்றார். "வருத்தம் தெரியும். மருந்து தெரியும். டொயோட்டாவின்ர பழைய அலியன் 1.8, பழைய பிரீமியோ 1.8 ரெண்டிலயும் உதே எஞ்சின். ரிங், கஸ்கற், பம்ப், கொயில் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடையள்ல இருந்து பஸ்ஸில போட்டுவிடுவாங்கள். வேற என்ன வேணும்?"

வேறு ஒன்றும் யோசித்தேன், அது விற்கிற பக்கம். வன்னியில் விற்ஸோ வகன்ஆரோ விற்க வேண்டுமென்றால் பின்னேரம் சொன்னால் காலையில் ஆள் வரும். இரண்டு கதவுக் காருக்கு வருகிறவன் பார்த்து, செல்பி எடுத்து, போய்விடுவான். குடும்பம் ஏறாது, நெல் மூட்டை ஏறாது, கலியாண ஹயருக்கும் போகாது. அதனால் இங்கே வாங்குகிற விலை கொழும்பு விலையாக இருக்கக் கூடாது. நாளைக்கு நான் விற்கும்போது எனக்கும் அதே கதிதான் என்ற கணக்கு இன்றே விலைக்குள் வர வேண்டும். ஆசிரியர் குடும்பத்துக்குப் பயணத் திகதி குறித்தாகிவிட்டது. ரிங் வேலைக்கு ஆகிற செலவையும் ரயரையும் தாளில் எழுதிக் காட்டிப் பேசினோம். கேட்டதில் ஆறு லட்சம் குறைந்தது. மொத்த விலையை இங்கே எழுத மாட்டேன். வீட்டில் வேறு கணக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் முறிகண்டியில் நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்தேன். கச்சான் விற்கிற அக்கா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, பின்னுக்கு எப்பிடி ஏறுறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

உடனே எஞ்சினைத் திறக்கவில்லை. எவ்வளவு குடிக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். ஓயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, ஃபில்டரோடு 3.7 லீற்றர் விட்டு, டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டில் நிற்கச் செய்தேன். பிறகு 1000 கிலோமீற்றர். குறைந்ததை, மருந்து அளக்கிற பிளாஸ்டிக் குவளையால் கணக்கெடுத்து விட்டேன். 920 மில்லிலீற்றர். பிறகு மலிவான வைத்தியம் இரண்டு. சம்பின் ஆவியை உள்ளே இழுக்கிற பி.சி.வி வால்வை மாற்றினேன். அடுத்து பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கரி கரைக்கிற திரவம் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் துணியை மூடி எஞ்சினைச் சுழற்றியபோது வந்த கறுப்புத் தண்ணீரைக் கண்டு குணமாகிவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த ஆயிரத்தில் 780. காசு கரைந்த அளவுக்குக் கரி கரையவில்லை.

ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை முழுதாக இறக்கிப் போடலாம் என்று பலர் சொன்னார்கள். போடலாம். ஆனால் எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். அதோடு, வருகிற எஞ்சினுக்குள்ளும் அதே பழைய பிஸ்டன் இருக்காது என்று யார் சொன்னது? இலக்கம் ஒத்த எஞ்சினைத் திருத்துவது என்று முடிவெடுத்தோம்.

ஆடி மாதம், அண்ணையின் தகரக் கொட்டகையில் திறந்தோம். ஹெட்டைக் கழற்றியபோது சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன. பெரிய நிம்மதி. இந்த அலுமினியப் பிளொக்கில் உள்ள இரும்பு லைனர் மெல்லியது, கடைந்து பெருப்பித்துப் பெரிய பிஸ்டன் போடுகிற பழைய வழி இதற்கு இல்லை. சுவர் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிஸ்டனைக் கையில் எடுத்துக் கீழ் ரிங்கை நகத்தால் அழுத்தினேன். அசையவில்லை. ரிங் என்றால் அழுத்தினால் உள்ளே போய் விட்டால் வெளியே துள்ள வேண்டும். இது பிஸ்டனோடு வார்த்தது போல் இருந்தது. காடிக்குள் நிரம்பிக் கிடந்தது கரி என்று சொன்னால் சரி வராது, சட்டியில் அடிப்பிடித்துக் கறுத்த சீனிப்பாகு மாதிரி இறுகிய ஒன்று. வடிதுளைகள் இருக்கிற இடமே தெரியவில்லை. டோர்ச் அடித்துத் தேடி, பிஸ்டனின் உள்பக்கத்தில் இருந்துதான் துளை எங்கே என்று கண்டுபிடித்தேன். ஓர் இரவு ஊறவிட்டு, துளை ஒவ்வொன்றிலும் அதே அளவு துரப்பண அலகை மோட்டாரில் பூட்டாமல் விரலாலேயே உருட்டி உருட்டிக் கரியை எடுத்தோம். மேல் ரிங்கின் காடியைச் சுத்தம் செய்ய அண்ணை புதிதாக எதுவும் வாங்கவிடவில்லை. கழற்றிய பழைய மேல் ரிங் ஒன்றை எடுத்து இரண்டாக முறித்தார். முறிந்த முனை உளி போல் கூராக இருந்தது, காடியின் அகலத்துக்குச் சரியாகவும் இருந்தது. அந்தக் காடிக்கென்றே செய்தது போல என்று வியக்கப் போனேன், அந்தக் காடிக்கென்றுதானே செய்தார்கள். நாலு பிஸ்டனுக்கு ஒன்றரை நாள். விரல் நுனியில் கரி ஏறிய கறுப்பு இரண்டு கிழமை போகவில்லை.

மாற்றியமைத்த புதுப் பிஸ்டனே வாங்கியிருக்கலாம். விலை கேட்டு, பழையதைச் சுத்தம் செய்தே போட்டேன். இது நான் பார்த்த கஞ்சத்தனம், பின்னால் வருந்தலாம். ரிங் மட்டும் புதுசு. ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய சிலிண்டருக்குள் தனியே இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்த பிறகுதான் பூட்டினோம். ஹெட் போல்ற் பத்து. நடுவில் இருந்து வெளியே, தவணை தவணையாக 49 நியூட்டன் மீற்றர் வரை, பிறகு ஒவ்வொன்றையும் இன்னும் 90 பாகை. பாகை பிசகாமல் இருக்க போல்ற் தலைகளில் வெள்ளைப் பெயின்ற் புள்ளி வைத்தேன்.

பிழையும் விட்டேன். டைமிங் செயின் மூடியைப் பூட்டுகிற நேரம் ஒரு வாஷர் கையில் இருந்து நழுவி செயின் பக்கத்துக்குள் விழுந்தது. காந்தக் கம்பியால் இரண்டரை மணி நேரம் துழாவினேன். அண்ணை ஒன்றும் பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். கடைசியில் சம்பைக் கழற்றியபோதுதான் கிடைத்தது. அந்த ஆத்திரத்தில் இன்னொன்றை மறந்துவிட்டேன். செயினை இறுக்கி வைத்திருக்கிற டென்ஷனரின் ஓ-ரிங்கை, அந்த ரப்பர் வளையத்தை, மாற்றாமல் பழையதையே போட்டுவிட்டேன். நூறு ரூபாய்ச் சாமான். 200 கிலோமீற்றரில் அது கசிந்து, சூட்டில் ஓயில் பட்டுப் புகைந்து, மாங்குளம் சந்தியில் நடு மத்தியானம் போனெற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். திருப்பி எஞ்சின் போய்விட்டது என்று கால் நடுங்கியது. அடுத்த நாள் இரண்டு நட்டைக் கழற்றி, புது ஓ-ரிங் போட்டதோடு கசிவு நின்றது.

சாமான், ஹெட்டைத் தட்டையாக்கிய கூலி, அண்ணையின் கூலி எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 35 ஆயிரம். அண்ணை கேட்டது குறைவு. நான் கொடுத்தது அதைவிடக் கொஞ்சம் கூட. ரயர் தனி.

புது ரிங் படிந்த பிறகு மறுபடி அதே மருந்துக் குவளை. முதல் ஆயிரத்தில் 210 மில்லிலீற்றர், அடுத்த ஆயிரத்தில் 90, அதற்கடுத்ததிலும் 90. கரி திரும்பவும் பிடிக்காமல் இருக்க 5000 கிலோமீற்றரிலேயே ஓயிலை மாற்றிவிடுகிறேன். ஒழுங்கையில் கிரவல் பறித்த மூன்று இடத்திலும் மாரி மழை ஒன்றைக் கழுவிவிட்டது, மதகின் கிழக்குப் பக்கம் திரும்பவும் பலகை தட்டுகிறது.

எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு நான் கவலைப்படாத ஒன்று விளக்கு. போன மாதம் பரந்தன் தாண்டி, இருட்டில், றோட்டில் படுத்திருந்த மாடுகளுக்காக நிறுத்தி நின்றேன். பின்னால் நின்ற நாம்பன் ஒன்று எழும்பித் தலையைத் திருப்பியதில் வலப்பக்கப் பின் விளக்கு கொம்பு பட்டு உடைந்தது. மாட்டுக்கு ஒன்றும் இல்லை. அலியனிலும் பிரீமியோவிலும் இந்த விளக்கு இல்லை. வாங்குகிற நாளில் வேப்பமரத்தடியில் நின்று எழுதிய தாளில், எஞ்சின் சாமான் எல்லாம் இருந்தது, வெளிச்சாமான் ஒன்றும் இல்லை. இப்போது சிவப்பு ரேப் ஒட்டி ஓடுகிறேன். பொலிஸ் இரண்டு தரம் மறித்தாயிற்று. நேற்றுப் பஞ்சிகாவத்தையில் இருந்து கடைக்காரத் தம்பி போன் எடுத்தார்.

"அண்ணை, செலிக்கா லைற் ஒண்டு வந்திருக்கு. இடப்பக்கம். எடுத்து வைக்கட்டோ?"